அரசரின் மணவழக்கும் ஆங்கிலத் திருச்சபையின் சீர்திருத்தமும்

இங்கிலாந்து சீர்திருத்த மார்க்கத்தைத் தழுவியதற்கு எட்டாம் ஹென்றி மன்னரின் மணவழக்கே காரணம் என்று பலர் கூறுவர். இக்கூற்றில் உண்மை எவ்வளவு என்பதை ஆராய்வது திருச்சபை வரலாறு கற்போர்க்கு நலமாகும்.

1509ஆம் ஆண்டு அரியணை ஏறிய ஹென்றி, காலஞ்சென்ற தம் தமையன் ஆர்தரின் மனைவி கேத்தரீனை மணந்தார். இதற்குப் போப்பு இரண்டாம் ஜூலியஸ் முன்னரே விசேஷ அனுமதி அளித்திருந்தார. இவர்கள் பெற்ற மக்களுள் மேரி ஒருத்தியே உயிர்தப்பி வளர்ந்தாள். ஆண் வாரிசை விரும்பிய மன்னர், ஆன் பொலின் மீது காதலும் கொண்டார். சகோதரன் மனைவியைச் சேர்வதைக் கண்டிக்கும் லேவியராகமம் 20:21ஐச் சுட்டி, தம் மணம் தொடக்கமுதலே செல்லாதது என 1527இல் வாதிடலானார். ஆனால் பிள்ளையின்றி இறந்தவனின் மனைவியை அவன் சகோதரன் மணக்கவேண்டுமென உபாகமம் 25:5 கட்டளையிடுகிறதன்றோ? சீர்திருத்தவாதிகளான லூத்தரும் டிண்டேலும்கூட இவ்வழக்கில் மன்னரின் பக்கம் நிற்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

போப்பு ஏழாம் கிளமெண்ட் தீர்ப்பைத் தாமதித்தார். அதற்கு அரசியல் காரணமும் இருந்தது. 1527இல் பேரரசர் ஐந்தாம் சார்லஸின் படை ரோம் நகரைச் சூறையாடியது. கேத்தரீன் அப்பேரரசரின் சிறிய தாயார். பொறுமையிழந்த ஹென்றி, ரோமுக்கு மேல்முறையீடு செய்வதைத் தடுக்கும் சட்டத்தை 1533இல் பாராளுமன்றத்தின் மூலம் இயற்றுவித்தார். கான்டர்பரி பேராயர் கிரான்மர் அவ்வாண்டே முதல் மணம் செல்லாதெனத் தீர்ப்பளித்தார். 1534ஆம் ஆண்டுச் சட்டம் மன்னரை ஆங்கிலத் திருச்சபையின் தலைவராக அறிவித்தது. அத்தலைமையை ஏற்க மறுத்த தாமஸ் மோரும் அத்தியட்சர் ஜான் ஃபிஷரும் 1535இல் தலை துணிக்கப்பட்டனர்.

ரோமுடனான உறவு இவ்வாறு அறுந்தது. எனினும் உபதேசம் மாறிற்றா? 1521இல் லூத்தரை மறுத்து நூல் எழுதி, போப்பினிடம் விசுவாசக் காவலர் என்னும் பட்டம் பெற்றவர் ஹென்றி. 1539இல் அவர் பிறப்பித்த ஆறு பிரமாணங்கள், நற்கருணையில் அப்பமும் ரசமும் பொருள்மாற்றம் அடைகின்றன என்பதையும் குருமாரின் மணத்துறவையும் வலியுறுத்தின. 1540 ஜூலை 30ஆம் நாள் லண்டனில் மூன்று சீர்திருத்தவாதிகள் எரிக்கப்பட்டனர். அதே நாளில், அதே இடத்தில், மன்னரின் தலைமையை மறுத்த ரோமச் சபைக் குருமார் மூவரும் கொல்லப்பட்டனர். மன்னர் வேண்டியது தமக்குக் கீழ்ப்படிதலேயன்றி, சுவிசேஷ வெளிச்சம் அன்று.

அவ்வெளிச்சம் வேறு வழியே வந்தது. டிண்டேலின் ஆங்கிலப் புதிய ஏற்பாடு 1526இல் ஜெர்மனியில் அச்சாகி, இங்கிலாந்துக்குள் இரகசியமாய் நுழைந்தது. அவர் 1536இல் இரத்தசாட்சியாய் மரித்தார். இரண்டே ஆண்டுகளில், ஆலயந்தோறும் ஆங்கில வேதாகமம் வைக்கப்படவேண்டுமென அரசே ஆணையிட்டது. வேதத்தைப் பொதுமக்கள் வாசிப்பதை 1543இல் மன்னர் மீண்டும் கட்டுப்படுத்த முயன்றும், விதைத்த விதை முளைத்துவிட்டது. ஆறாம் எட்வர்டின் காலத்தில், 1549இல், பொது ஜெபப் புத்தகம் மக்களின் மொழியில் வெளிவந்தது. பின்னர் ஆண்ட மேரி அரசியின் காலத்தில் கிரான்மர் உள்ளிட்ட ஏறத்தாழ 300 பேர் தம் விசுவாசத்திற்காக எரிக்கப்பட்டனர். 1559இல், ஆன் பொலினின் மகள் எலிசபெத்தின் ஆட்சியில், சீர்திருத்தம் நிலைபெற்றது.

ஆகவே மணவழக்கு ஒரு கதவைத் திறந்தது. நாட்டைச் சீர்திருத்தியது தாய்மொழியில் வந்த வேதமும் ஆராதனையும், அவற்றிற்காக உயிர் கொடுத்தோரின் சாட்சியுமாம். 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இந்த ஆங்கிலிக்கன் மரபும் இணைந்துள்ளது. அதைச் சுதந்தரித்த நாம் அதன் இருளையும் அறியவேண்டும். ஆள்வோரின் விருப்பத்திற்கேற்ப வேதவசனத்தைத் தேடும் சோதனை, ஹென்றியின் அரண்மனைக் குருமாரோடு முடிந்துவிடவில்லை. மனச்சாட்சிக்காக உயிர்நீத்த மோர், ஃபிஷர் ஆகியோரையும் நாம் மரியாதையுடன் நினைவுகூரல் தகும். திருச்சபையின் தலைவர் கிறிஸ்து ஒருவரே.