தப்பான லேபிளோட 24 வருஷம்

சின்ன வயசுல எங்க வீட்டுப் பின்னாடி ஒரு நாவல் மரம் இருந்தது. ராத்திரி அதுல வௌவால் வந்தா, பாட்டி உடனே ஜன்னலைச் சாத்திடுவாங்க. எனக்கு வௌவால் எல்லாமே ஒண்ணுதான்: கறுப்பா இருக்கும், தலைகீழாத் தொங்கும், அவ்வளவுதான். இன்னைக்குச் சொல்லப்போற கதையில அதே தப்பைப் படிச்சவங்களே செஞ்சிருக்காங்க.

வருஷம் 1948. இன்றைய தேனி மாவட்டத்து மேகமலையை அப்போ ஆங்கிலேயர்கள் 'ஹை வேவி' மலைன்னு சொல்வாங்க. அங்கே ஆங்கஸ் ஹட்டன்னு ஒரு எஸ்டேட்காரர் இருந்தார். இயற்கை ஆர்வலரும்கூட. அவர் ஒரு வௌவாலைப் பிடித்து, பதப்படுத்தி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பினார். அங்கே அதைப் பார்த்தவர்கள், நம்ம ஊர்கள்ல சாதாரணமா இருக்கிற குறுமூக்குப் பழந்தின்னி வௌவால்னு லேபிள் ஒட்டி வைத்துவிட்டார்கள். இரண்டும் பார்க்க ஏறக்குறைய ஒரே மாதிரிதான் இருக்கும். அதனால யாருக்கும் சந்தேகம் வரலை.

பிறகு தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தொங்லோங்யா அந்தச் சேகரிப்பை ஆராய வந்தார். அவர் கவனித்தது இரண்டே விஷயம். ஒண்ணு, வால். குறுமூக்கு வௌவாலுக்குச் சின்னதா ஒரு வால் இருக்கும். இதுக்கு வாலே இல்லை. ரெண்டாவது, பல். மேலேயும் கீழேயும் ஒரே ஒரு ஜோடி வெட்டுப்பல்தான் இருந்தது. இது புது இனம் மட்டுமல்ல, புதுப் பேரினமே என்று 1972-இல் அறிவித்தார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயரைச் சேர்த்து 'லாட்டிடென்ஸ் சலீமாலி' என்று பெயர் வைத்தார்.

இப்போ அந்த வருஷத்தை ஞாபகம் வச்சுக்கோங்க. நம்ம வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததும் அதே 1972-லதான். அந்தச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில் காகம், எலி, சுண்டெலியோடு 'பழந்தின்னி வௌவால்கள்' என்றும் இருந்தது. அதாவது தொல்லை தரும் உயிரினங்கள். கொல்ல அனுமதி தேவையில்லை. எந்தப் பழந்தின்னி வௌவால்? எல்லாமே! அறிவியல் ஒரு வௌவாலைத் தனியாப் பிரிச்சு பேர் வச்ச அதே வருஷம், சட்டம் அத்தனை பழந்தின்னியையும் ஒரே மூட்டையில் கட்டிடுச்சு.

சரி, உயிரோட யாராவது பார்த்தாங்களா? பல வருஷம் அந்த ஒரு மாதிரிதான் ஆதாரம். 1993-இல்தான் ஆய்வாளர்கள் அதை மேகமலைப் பகுதியில் மறுபடி கண்டுபிடித்தார்கள். சலீம் அலி 1987-லேயே காலமாகிட்டார். தன் பெயர் கொண்ட வௌவால் இன்னும் உயிரோட இருக்குங்கிற செய்தி அவருக்குத் தெரியாமலே போயிடுச்சு.

அப்புறம் களக்காடு முண்டந்துறைப் பகுதியிலும் இது பதிவானது. பகலில் குகைகளில் தங்கும். இரவில் காட்டு அத்தி மாதிரி பழங்களைத் தின்று, விதைகளைத் தூரத்தில் போடும். அங்கே புது மரம் முளைக்கும். காட்டுக்கு இது சம்பளமில்லாத தோட்டக்காரர். ஆனா காபி, தேயிலை, ஏலத் தோட்டங்களுக்காக அந்தக் காடு துண்டு துண்டாகிவிட்டது. கறிக்காகவும் மருந்துன்னு நம்பியும் வேட்டையாடுவதும் உண்டு.

பின்னாடி இந்த ஒரு இனத்தை மட்டும் அந்தப் பொதுப் பட்டியல்லேர்ந்து பிரித்து, புலிக்கு நிகராக முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனா யோசிச்சுப் பாருங்க: ராத்திரி வலை போடுறவர், வாலும் பல்லும் பார்த்துட்டா விடப்போறார்? பக்கத்துல பறக்கிறதைக் கொல்லலாம், இதைக் கொல்லக்கூடாதுன்னா, இதுக்குப் பாதுகாப்பு பேப்பர்ல மட்டும்தான். 2022 திருத்தம்தான் அந்த ஐந்தாம் அட்டவணையையே எடுத்தது. ஐம்பது வருஷம்!

நிபா, கொரோனா பேச்சு வந்தப்போ நாம எல்லாருமே வௌவால்னா ஒரே பயம்தான் பட்டோம். நானும்தான். இந்தக் கதை தெரிந்த பிறகு, மாடியில் வௌவால் பறந்தா முதல்ல கேட்கிறது: இது எந்த வௌவால்? உங்க தெருவில் பறக்கிறது எதுன்னு பார்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.