மெட்டா: ஒரு முன்னொட்டின் பொருள் வரலாறு

'மெட்டா' என்றதும் 'அப்பால்' என்றே இன்று பொருள் கொள்கிறோம். ஃபேஸ்புக் நிறுவனம் 2021 அக்டோபர் 28 அன்று 'மெட்டா' எனப் பெயர் மாறியபோது மார்க் சக்கர்பர்க் தந்த விளக்கமும் அதுவே. ஆனால், பழங்கிரேக்கத்தில் இச்சொல்லின் முதன்மைப் பொருள் அதுவன்று. அப்பொருள் வந்து சேர்ந்த வழியையும், தமிழ்க் கலைச்சொல்லாக்கத்துக்கு அவ்வரலாறு தரும் பாடத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

இச்சொல்லின் மிகப் பழைய சான்று களிமண்ணில் உள்ளது. கிரேக்கத்தின் தென்மேற்கிலுள்ள பைலோஸில் கார்ல் பிளெகன் 1939இல் அகழாய்வு தொடங்கினார். ஏறத்தாழ கி.மு. 1200இல் அங்கிருந்த அரண்மனை எரிந்தபோது, அந்தத் தீயிலேயே வெந்து இறுகியதால் அழியாமல் நின்ற ஏடுகள் கிடைத்தன. அவற்றின் 'லீனியர் பி' எழுத்தை மைக்கேல் வென்ட்ரிஸ் 1952இல் படித்தறிந்தார். கடற்கரைக் காவற்படைகளைப் பட்டியலிடும் ஏடுகளில், படையினரோடு அதிகாரி ஒருவரும் இருப்பதைக் குறிக்குமிடத்தில் 'மெ-த' என்னும் ஈரசைச் சொல் வருகிறது. அங்கே அதன் பொருள் 'உடன்'. ஜெர்மன் மொழியின் 'மிட்' இதன் உறவுச் சொல். அதற்கும் பொருள் 'உடன்'.

செவ்வியல் கிரேக்கத்தில் வேற்றுமையே பொருளைப் பிரித்தது. ஆறாம் வேற்றுமைப் பெயரோடு வந்தால் 'உடன்'; இரண்டாம் வேற்றுமைப் பெயரோடு வந்தால் 'பின்'. வினையின் முன்னொட்டாகும்போது 'மாற்றம்' என்னும் பொருளும் பெற்றது. ஒரு நிலைக்குப் பின் மற்றொன்று வருவதுதானே மாற்றம்! 'மெட்டமார்ஃபசிஸ்' உருமாற்றமானது இப்படித்தான். 'மெட்டஃபர்' என்பதன் மூலச்சொல்லுக்கு 'இடம் மாற்றிச் சுமத்தல்' என்று பொருள். ஏதென்ஸ் நகரில் வீட்டுச் சாமான் ஏற்றிச் செல்லும் லாரிகளில் அச்சொல்லை இன்றும் காணலாம்.

'அப்பால்' என்ற பொருளுக்கு வழிவகுத்தது ஒரு நூல்வரிசை. அரிஸ்டாட்டில் தாம் 'முதல் தத்துவம்' என்றழைத்த துறை பற்றி எழுதியவை பின்னர் 14 பகுதிகளாகத் தொகுக்கப்பட்டன. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவின் ஆண்ட்ரோனிக்கஸ் அவற்றை இயற்கை பற்றிய நூல்களுக்கு அடுத்து வைத்தார் என்பது மரபுவழிச் செய்தி. 'இயற்கை நூல்களுக்குப் பின் வருபவை' என்ற வரிசைக் குறிப்பே தலைப்பாயிற்று. பிற்கால உரையாசிரியர்கள் அதற்கு 'இயற்கையைக் கடந்தவை' என்று தத்துவப் பொருள் கண்டனர். 'பின்' என்பது 'அப்பால்' ஆனது.

இருபதாம் நூற்றாண்டில் மேலும் ஒரு பொருள் கிளைத்தது. டேவிட் ஹில்பெர்ட் கணித நிறுவல்களையே ஆராயும் துறைக்கு 'மெட்டாமேத்தமேட்டிக்ஸ்' என்று பெயரிட்டார். ஒரு மொழியைப் பற்றிப் பேசும் மொழியை ஆல்ஃபிரட் டார்ஸ்கி பிரித்துக் காட்டினார். பல ஆய்வுகளின் முடிவுகளைத் தொகுத்து ஆராயும் முறைக்கு ஜீன் கிளாஸ் 1976இல் 'மெட்டா அனாலிசிஸ்' என்ற பெயர் தந்தார். இவற்றிலெல்லாம் 'தன்னைப் பற்றியே' என்பதே பொருள்.

தமிழ்க் கலைச்சொற்களில் இந்த அடுக்குகள் தெளிவாகத் தெரிகின்றன. 'மெட்டபாலிசம்' என்பதன் கிரேக்கக் கூறுகள் 'மெட்டா'வும் 'எறிதல்' என்னும் வினையும். இலங்கைப் பாடநூல்களின் 'அனுசேபம்' அவ்விரண்டையும் அப்படியே பெயர்க்கிறது: 'அனு' என்பது பின், 'சேபம்' என்பது எறிதல். தமிழ்நாட்டின் 'வளர்சிதை மாற்றம்' சொல்லுறுப்பை விட்டுச் செயலைச் சொல்கிறது. 'மீத்தரவு' என்பதில் வரும் 'மீ' 'மேல்' எனப் பொருள்படும் பழந்தமிழ்ச் சொல். 'மீமிசை' என்பதில் இருப்பதும் அதுவே. தரவைப் பற்றிய தரவுக்கு அது நன்கு பொருந்துகிறது. உருமாற்றத்துக்கோ உருவகத்துக்கோ பொருந்தாது.

ஆகவே, 'மெட்டா' வருமிடமெல்லாம் 'மீ' என்று நிரப்புவது பிழை. உடன், பின், மாற்றம், அப்பால், தன்னைப் பற்றி என்னும் ஐந்தில் எது பொருள் என்று தேர்ந்த பிறகே கலைச்சொல் ஆக்க வேண்டும்.