கூப்பன் யார் கையில்? ரப்பர் கட்டுப்பாடும் கரிம வாணிபமும்

புகைக்கு ஓர் உச்சவரம்பு வைத்து, அந்த வரம்புக்குள் புகை விடும் உரிமத்தை விற்கவும் வாங்கவும் அனுமதிப்பதே கரிம வாணிபம். இது புதுமை போலத் தோன்றலாம். ஆனால் நெகிரி செம்பிலான் தோட்டங்கள் இதே முறையை முன்பே கண்டிருக்கின்றன. அன்று வரம்பு விதிக்கப்பட்டது ரப்பருக்கு.

முதல் உலகப் போருக்குப் பின் ரப்பர் விலை சரிந்தது. 1922 நவம்பரில் மலாயாவிலும் இலங்கையிலும் ஸ்டீவன்சன் திட்டம் அமலுக்கு வந்தது. முந்தைய உற்பத்தியில் 60 விழுக்காடு மட்டுமே தொடக்கத்தில் ஏற்றுமதிக்கு அனுமதிக்கப்பட்டது. விலை ஏறியது. ஆனால் டச்சுக்காரர்களின் இந்தோனேசியா திட்டத்தில் சேரவில்லை. மலாயா குறைத்த உற்பத்தியை அங்கே கூட்டினார்கள். 1928இல் திட்டம் கைவிடப்பட்டது. ஒரு பக்கம் மட்டும் வேலி போட்டால் ஆடு மறுபக்கம் மேயத்தானே செய்யும்?

அடுத்து உலகப் பொருளாதார மந்தம். 1930 முதல் 1932 வரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து தாயகத்துக்குக் கப்பலேற்றப்பட்டனர்.

1934இல் டச்சு அரசும் சேர்ந்த அனைத்துலக ஒப்பந்தம் வந்தது. மலாயாவில் ஏற்றுமதி உரிமை கூப்பனாக வழங்கப்பட்டு, கைமாறும் சரக்கானது. பால் வெட்டாமலே கூப்பனை விற்றுக் காசு பார்க்க முடிந்தது. கூப்பன் நிலத்துக்குரியவருக்கே கிடைத்தது. சிறுதோட்டக்காரர்களின் பங்கு குறைத்தே மதிப்பிடப்பட்டதாகப் பொருளியல் அறிஞர் பி.டி.பாவர் 1940களில் எடுத்துக்காட்டினார். சிரம்பான், போர்ட்டிக்சன் வட்டாரங்களில் பால்மரம் வெட்டிய தமிழர்களுக்கோ அதில் பங்கே இல்லை. வெட்டு குறைந்தால் அவர்களுக்கு வேலைதான் குறையும்.

2005இல் ஐரோப்பிய ஒன்றியம் தொடங்கிய கரிமச் சந்தையிலும், பழைய புகைக் கணக்கைப் பார்த்தே ஆலைகளுக்குப் பெரும்பாலான உரிமங்கள் இலவசமாகத் தரப்பட்டன. கணக்கு வைத்திருந்தவர் பெற்றார் என்பதே இரண்டிலும் உள்ள ஒற்றுமை.

நெகிரி செம்பிலானில் பல ரப்பர் தோட்டங்கள் இன்று செம்பனைத் தோட்டங்கள். செம்பனை ஆலைக் கழிவுநீர்க் குட்டைகளிலிருந்து எழும் மீத்தேன் வாயுவைப் பிடித்தால் கரிம வரவு பெறலாம். மலேசியப் பங்குச் சந்தை 2022 டிசம்பரில் தன்னார்வக் கரிமச் சந்தையைத் தொடங்கியது. அரசியலமைப்பின்படி நிலம் மாநில அதிகாரத்துக்குட்பட்டது. ஆகவே வரவு நிலத்துக்கா, ஆலைக்கா, மாநிலத்துக்கா என்பது சட்டம் தெளிவாகச் சொல்ல வேண்டிய ஒன்று.

வரம்பு எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். உரிமம் யார் பெயரில் எழுதப்படுகிறது என்பதே மீதிப் பாதி. அதை எழுதும் வேளையில் தோட்டத்தில் உழைப்பவரின் பங்கும் பேசப்பட வேண்டும். எழுதி முடித்த பிறகு கேட்டுப் பயனில்லை என்பதற்குப் பழைய கூப்பனே சாட்சி.