சென்னையின்… என்ன?

பொம்மையார்பாளையத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையை விட்டுக் கடல் பக்கம் இறங்கினால், பாதி கட்டி நிற்கும் ஒரு வீட்டின் முகப்பில் திருஷ்டி பொம்மை தொங்குகிறது. உருட்டிய விழி, முறுக்கிய மீசை, வெளியே நீட்டிய நாக்கு. அதன் கீழே நின்றுதான் பையன்களின் பந்தாட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோல் கம்பத்துக்கு இரண்டு செருப்பு. எல்லோரும் வெறுங்கால். ஒருவன் மட்டும் வெளுத்துப்போன நீல பனியன் போட்டிருந்தான். மார்பில் இருந்த சின்னம் உரிந்து, இரண்டு கண்கள் மட்டும் மிச்சம்.

"எந்த டீம் தம்பி?"

"சென்னையின், ண்ணா."

"சென்னையின்… என்ன?"

"சென்னையின்தான் ண்ணா!" என்று சொல்லிவிட்டுப் பந்தின் பின்னால் ஓடிவிட்டான்.

சுவரில் தொங்கும் முகமும் அவன் மார்பில் தேய்ந்துபோன முகமும் ஒன்றுதான். ஊர்க் கண் படாமல் இருக்க நாம் வீட்டில் மாட்டுகிற பொம்மையைத்தான் அந்தக் கிளப் தன் சின்னமாக எடுத்துக்கொண்டது. பெயரை யோசித்தவர்களும் 'சென்னை யுனைடெட்' என்றோ 'சென்னை சிட்டி' என்றோ வைக்கவில்லை. வேற்றுமை உருபோடு அப்படியே நிறுத்திவிட்டார்கள். ஒரு தமிழனின் காதுக்கு அது முடியாத தொடர். சென்னையின் பந்தா, சென்னையின் பிள்ளைகளா? அடுத்த சொல்லுக்காக மனம் காத்து நிற்கிறது.

சென்னையின் எஃப்சி பிறந்தது 2014-ல். இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய வருடம். நடிகர் அபிஷேக் பச்சன், வீட்டா தானி, பிறகு மகேந்திர சிங் தோனி என்று உரிமையாளர்கள் சேர்ந்தார்கள். கிரிக்கெட் ஊருக்குக் கால்பந்தா என்று அன்று பலர் கேட்டார்கள். தோனியே பள்ளிக்கூடத்தில் முதலில் கால்பந்து கோல்கீப்பர்தான், அங்கிருந்துதான் விக்கெட் கீப்பிங்குக்குப் போனார் என்பது அவர்களுக்கு நினைவில்லை போலும்.

கிரிக்கெட்டின் மடியில் கால்பந்து பிறப்பது உலகத்துக்குப் புதிதும் இல்லை. பிரிட்டனில் வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில், 1899-ல், பார்ட்லி வில்சன் என்ற கல்லச்சுக் கலைஞர் ரிவர்சைடு கிரிக்கெட் கிளப் ஆட்டக்காரர்களைக் குளிர்காலத்தில் சும்மா விடக் கூடாது என்று ஒரு கால்பந்து அணியை ஆரம்பித்தார். அதுதான் 1908-ல் கார்டிஃப் சிட்டி ஆனது. 1911-ல் அந்த ஊருக்கு வந்த 'நீலப் பறவை' என்ற நாடகத்தின் பெயரே நீலச் சட்டைக்காரர்களுக்குப் பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. 1927-ல் ஆர்சனலை 1-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையை இங்கிலாந்துக்கு வெளியே கொண்டுபோனார்கள். அந்த கோல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஹியூகி ஃபெர்குசனுடையது. ஆனால் அணித்தலைவர் ஃபிரெட் கீனர் கார்டிஃபிலேயே பிறந்து, முதல் உலகப் போரில் காயம்பட்டுத் திரும்பி, நடுக்களத்தைத் தாங்கி நின்ற ஊர்ப் பிள்ளை. கோப்பை வெளியூர்க்காரர் காலால் வரலாம். அது ஊருடையதாக ஆக உள்ளூர்க்காரர் ஒருவராவது வேண்டும் என்று நான் நினைப்பது கீனரை வைத்துத்தான்.

சென்னைக்கும் முதலில் வந்தது வெளியூர்க் கால்கள்தான். உலகக் கோப்பை வென்ற இத்தாலியர் மார்க்கோ மாட்டராட்சி ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் வந்தார். பிரேசிலின் எலானோ முதல் பருவத்திலேயே 8 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கினார். அடுத்த வருடம் கொலம்பியாவின் ஸ்டீவன் மெண்டோசா 13. மிசோரமிலிருந்து வந்த ஜெஜேயை ரசிகர்கள் சொந்தத் தம்பியாகவே கொண்டாடினார்கள்.

2015 டிசம்பரை யாரால் மறக்க முடியும்? நகரம் வெள்ளத்தில் மூழ்கிக் கிடந்தது. சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய அரையிறுதியைப் புனேயில் போய் ஆடினார்கள். கொல்கத்தாவை 3-0 என்று வென்றார்கள். டிசம்பர் 20, கோவாவில் இறுதி ஆட்டம். 87-ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என்று முந்தியது. கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் மேல் பட்டு ஒரு சேம்சைடு கோல். 90 நிமிடம் முடிந்த பிறகான காயநேரத்தில் மெண்டோசா இன்னொன்று. 3-2. சேறு வழித்துக்கொண்டிருந்த வீடுகளுக்கு அந்தக் கோப்பை வந்தது.

இருந்தும், பெயரில் தொக்கி நின்ற அந்த இடம் நிரம்பியது அன்று இல்லை என்பேன்.

வியாசர்பாடிக்குக் 'குட்டி பிரேசில்' என்று பெயர். வட சென்னையின் அந்தச் சந்துகளில் கேரம் போர்டுக்குப் போட்டியாக இருப்பது கால்பந்துதான். அங்கிருந்து வந்தவர் தனபால் கணேஷ். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்து முன்னால் இருப்பவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு ஓடிவரும் தற்காப்பு நடுக்களம் அவருடையது. கைதட்டல் அதிகம் விழாத வேலை. 2018 மார்ச் 13, நேரு ஸ்டேடியம், கோவாவுடன் அரையிறுதியின் இரண்டாவது ஆட்டம். 26-ஆவது நிமிடத்தில் ஜெஜே ஒரு கோல். மூன்றே நிமிடம் கழித்து அடுத்தது. அடித்தவர் தனபால் கணேஷ். கடைசியில் ஜெஜே இன்னொன்று போட்டு 3-0. சொந்த நகரத்தில், சொந்த ஜனங்களுக்கு முன்னால், வியாசர்பாடிப் பையன் போட்ட அந்த கோலில்தான் 'சென்னையின்' என்ற சொல்லுக்கு அடுத்த சொல் கிடைத்தது. நான்கு நாள் கழித்துப் பெங்களூரில், மெய்ல்சன் ஆல்வெஸ் இரண்டு முறை தலையால் முட்ட, ரஃபேல் அகஸ்டோ ஒன்று சேர்க்க, இரண்டாவது கோப்பையும் 3-2 என்றே வந்தது.

பொம்மையார்பாளையத்திலிருந்து புதுச்சேரி கூப்பிடு தூரம். சென்னைக்கு மூன்று மணி நேரப் பயணம். அலை கரையை அரித்துக்கொண்டே வருவதால் பையன்கள் ஆடும் மணல் வருஷத்துக்கு வருஷம் குறைகிறது. நான் பார்த்த அன்றுகூட ஒரு செருப்பை அலை இழுத்துக்கொண்டு போக, ஆட்டத்தை நிறுத்திவிட்டு எல்லோரும் அதைத் துரத்தினார்கள். கிளப்பில் பிள்ளைகளைத் தேர்வு செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் இந்தச் சாலையில் தெற்கே வாருங்கள். நீல பனியன் போட்டவன் இடது காலால் நன்றாக அடிக்கிறான்.