வாடும் பூ, வாடாத பூ

பூவை மட்டுமே விஷயமாகக் கொண்ட ஓவிய மரபு தமிழ்நாட்டில் இல்லை என்பதைக் குறையாகச் சொல்கிறவர்கள் உண்டு. கோயில் விதானத்திலும் சேலைக் கரையிலும் பூ இருக்கிறது. ஜாடியில் வைத்து, ஒருபக்க வெளிச்சத்தில் நிறுத்தி, அதையே முழு ஓவியமாக்கியவர்களில் முக்கியமானவர்கள் டச்சுக்காரர்கள்.

அவர்கள் நமக்கு அந்நியரல்ல. 1613இல் பழவேற்காட்டில் கெல்டிரியா கோட்டையைக் கட்டியவர்கள். பழவேற்காடும், 1960இல் ஆந்திரத்திலிருந்து சென்னை ராஜ்யத்துக்கு வந்த திருத்தணியும் இன்று ஒரே திருவள்ளூர் மாவட்டம். இந்தக் கரையிலிருந்து துணியும் அவுரியும் கப்பலேறிய நூற்றாண்டில்தான் அங்கே பூ ஓவியம் செழித்தது.

ஆம்ஸ்டர்டாமின் ரேச்சல் ரூயிஷ் (1664–1750) போன்றவர்களின் படங்களில் வசந்தத்துப் பூவும் கோடைப் பூவும் ஒரே ஜாடியில் விரிந்திருக்கும். ஒரே நாளில் எந்தத் தோட்டத்திலும் பறிக்க முடியாத கொத்து. இருண்ட பின்புலத்தில் ஒளி ஒவ்வோர் இதழையும் தனித்தனியாக எடுத்துக் காட்டும். அடியில் புழு, உதிர்ந்த இதழ்: அழிவின் குறியீடுகள்.

தணிகை ஐதீகமும் இயற்கையை மீறுகிறது. இந்திரன் சுனையில் நட்ட நீலோற்பலம் காலை, உச்சி, மாலை என நாளுக்கு மூன்று தரம் மலரும். ஆனால் காலையில் விரிந்து பிற்பகலில் கூம்புவதுதான் அந்தப் பூவின் இயல்பு. டச்சு ஓவியர் காலத்தைக் கலைத்தது பூவை நிறுத்திவைக்க. புராணிகர் கலைத்தது பூசைவேளை தவறாதிருக்க.

ஆடிக் கிருத்திகையின் புஷ்பக் காவடியில் தனிப்பூவுக்கு உருவம் கிடையாது. தொடுத்த பூ வளைவுக்குள் கரைந்துவிடுகிறது. ஒளியும் நிற்பதில்லை, ஆட்டத்தோடு வந்து விலகுகிறது. 365 படியேறிக் காணிக்கையான பின் பூ நிர்மால்யம். இங்கே வாடுவதைக் குறியீடாக்கத் தேவையில்லை. அது கண்முன்னே நடக்கிறது. 1637இல் டியூலிப் கிழங்கின் விலை சரிந்து அதிர்ந்த நாட்டில் பூ உடைமை. உடைமைக்குத்தான் அழிவை நினைவூட்ட வேண்டியிருந்தது.

அந்தப் பழைய படங்கள் சிலவற்றில் மஞ்சள் வர்ணம் வெளுத்து, பச்சை இலைகள் நீலமாகிவிட்டன. வரைந்த பூவும் மாறத்தான் செய்கிறது. ஆனால் வரைந்தவர் பெயர் இருக்கிறது. நம் காவடியைத் தொடுத்த கைக்குப் பெயரில்லை. பூத்தொடுப்பவரின் வளைவையும் நிறத்தேர்வையும் கலையாகப் பார்த்து எழுதும் விமர்சனம் இங்கே வளரவில்லை. எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.