கடலூர்ப் போரும் படைவீரர் பணிப்பதிவும்

படைவீரர் ஒருவர் படையில் சேர்ந்த நாள், பெற்ற பயிற்சிகள், பணியாற்றிய இடங்கள், பதவி உயர்வு, காயம், பதக்கம், விலகிய நாள் ஆகியவற்றைக் கூறும் ஆவணமே பணிப்பதிவு எனப்படுகிறது. ஓய்வூதியம், விருதுத்தொகை, அரசு வேலையில் முன்னுரிமை, வீரர் மறைந்தபின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் இதைக் கொண்டே முடிவாகின்றன. இதில் ஒரு வரி விடுபட்டாலும், அந்த வரிக்குரிய பணியை அவர் செய்யவே இல்லை என்பதே அலுவலகத்தின் கணக்கு. கடலூர், சிதம்பரம் பகுதியில் 1781 முதல் 1783 வரை நடந்த போர்களில் தொடங்கி, இத்தகைய பதிவுகளின் வரலாற்றையும் அவற்றைத் திருத்தும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது.

சிதம்பரமும் கடலூரும், 1781–1783

இரண்டாம் மைசூர்ப் போரின்போது சிதம்பரம் நடராசர் கோயிலின் உயர்ந்த மதில்கள் கோட்டையாகப் பயன்பட்டன. உள்ளே ஐதர் அலியின் படையினர் இருந்தனர். 1781 ஜூன் மாதம் ஆங்கிலத் தளபதி சர் அயர் கூட் அதைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். சில நாள்களில், ஜூலை 1 அன்று, அருகிலுள்ள பரங்கிப்பேட்டையில் ஐதரை வென்றார்.

1782 ஏப்ரலில் பிரெஞ்சுக்காரர்கள் கடலூரைக் கைப்பற்றினர். அதை மீட்க 1783 ஜூன் மாதம் ஜெனரல் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் படையுடன் வந்தார். பிரெஞ்சுப் படைக்குத் தலைவர் புஸ்ஸி. ஜூன் 13 அன்று நடந்த கடும் போரில் ஆங்கிலேயர் பக்கம் மட்டும் ஏறத்தாழ 1000 பேர் இறந்தனர் அல்லது காயமுற்றனர். ஜூன் 20 அன்று கடலில் சுஃப்ரேனின் கப்பல்களும் ஹியூஸின் கப்பல்களும் மோதின. ஜூன் 25 அன்று பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையிலிருந்து வெளிவந்து தாக்கினர். அந்தத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஐரோப்பாவில் சமாதானத்துக்கான முதற்கட்ட உடன்பாடு அந்த ஆண்டு ஜனவரியிலேயே கையெழுத்தாகிவிட்டது. அந்தச் செய்தி ஜூன் இறுதியில்தான் கடலூருக்கு எட்டியது.

பதிவேடு மறுத்த ஒரு கதை

இந்த முற்றுகையைப் பற்றி ஒரு கதை நெடுங்காலம் வழங்கிவந்தது. ஜூன் 25 தாக்குதலில் காயமுற்றுச் சிறைப்பட்ட பிரெஞ்சு சார்ஜன்ட் ஒருவரை, ஆங்கிலேயருக்காகப் போரிட்ட ஹானோவர் படைத் தலைவர் வாங்கன்ஹைம் தம் கூடாரத்தில் வைத்துக் காப்பாற்றினாராம். பின்னாளில் ஹானோவரைப் பிரெஞ்சுப் படை பிடித்தபோது, அங்கு அதிகாரம் செலுத்திய மார்ஷல் பெர்னதோத், அந்த முதியவரை அழைத்து, "அந்த சார்ஜன்ட் நான்தான்" என்று சொல்லி நன்றி பாராட்டினாராம். இந்த பெர்னதோத்தான் 1818இல் பதினான்காம் கார்ல் யோகான் என்ற பெயரில் சுவீடன் அரசரானவர்.

கதை அழகானது. ஆனால் பெர்னதோத்தின் பணிப்பதிவு அதற்கு இடம் தரவில்லை. அவர் 1780 செப்டம்பர் 3 அன்று ராயல் லா மரீன் என்ற படைப்பிரிவில் சாதாரண வீரராகச் சேர்ந்தார். முதலில் கோர்சிகா தீவில் பணியாற்றினார். அவர் சார்ஜன்ட் ஆனதே 1785இல்தான். கடலூர்ப் போர் நடந்ததோ 1783இல். படைப்பிரிவின் பெயரில் 'மரீன்' என்று இருந்தாலும் அது தரைப்படையே. அந்தப் பெயரைக் கேட்டவர்கள் அவர் கடல் கடந்து போயிருப்பார் என்று எண்ணியிருக்கலாம்.

இருநூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு சாதாரண வீரரைப் பற்றி இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிவதற்குக் காரணம் உண்டு. பிரான்சில் 1716 முதல் ஒவ்வொரு படைப்பிரிவும் தன் வீரர்களின் பெயர், பிறந்த ஊர், சேர்ந்த நாள் முதலியவற்றைப் பதிவேட்டில் எழுதிவைக்க வேண்டும் என்ற ஆணை இருந்தது. அரசரான பின்னும் அவருக்காக அந்தப் பதிவேடு வளைந்து கொடுக்கவில்லை.

அதே களத்தில் நின்ற சிப்பாய்கள்

அதே போரில் ஆயிரக்கணக்கான இந்தியச் சிப்பாய்களும் இருந்தனர். வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் தலைமையில் கால்நடையாகவே வந்த படை ஒன்று ஜூன் 25 அன்று பிரெஞ்சு வீரர்களுடன் துப்பாக்கிமுனை ஈட்டியால் நேருக்கு நேர் போரிட்டது. சென்னைப் படையின் சிப்பாய்களும் முற்றுகையில் பங்கேற்றனர். அவர்களுள் தமிழர் பலர்.

1784ஆம் ஆண்டையொட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனி 'தக்காணப் பதக்கம்' என்ற பதக்கத்தை வெளியிட்டது. இந்தியச் சிப்பாய்களுக்குக் கம்பெனி பொதுவாக வழங்கிய முதல் போர்ப் பதக்கம் இது. பொன்னிலும் வெள்ளியிலும் அமைந்து, பாரசீக எழுத்துகளைக் கொண்டிருந்தது. ஆனால் இது வங்காளப் படையினருக்கு உரிய பதக்கம். ஒரே களத்தில், ஒரே எதிரியின் முன் நின்றவர்களில் யாருக்குப் பதக்கம் என்பதை அவர் பெயர் எந்த மாகாணத்தின் ஏட்டில் இருந்தது என்பதே முடிவு செய்தது.

சென்னைப் படைப்பிரிவுகளுக்கு 'கர்நாடகம்', 'சோளிங்கர்' ஆகிய போர்ச்சிறப்புப் பட்டங்கள் ஒரு நூற்றாண்டு கழித்து, 19ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வழங்கப்பட்டன. படைப்பிரிவின் ஏடு திருத்தப்பட்டது நல்லதே. எனினும் போரிட்டவர்களில் ஒருவர்கூட அப்போது உயிரோடு இல்லை. தாமதமாகும் திருத்தம் யாருக்குப் பயன்படாமல் போகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

எண்ணிக்கையாக நின்றவர்கள்

முதல் உலகப் போருக்குப் பின் தமிழகத்தின் பல ஊர்களில் கல்வெட்டுப் பலகைகள் வைக்கப்பட்டன. அந்த ஊரிலிருந்து எத்தனை பேர் போருக்குச் சென்றனர், எத்தனை பேர் உயிர் நீத்தனர் என்ற எண்கள் அவற்றில் இருக்கும், பெயர்கள் இருக்காது. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலும் இதே நிலைதான். பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்களும் இந்திய அதிகாரிகளின் பெயர்களும் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்திய வீரர்கள் படைப்பிரிவுவாரியாக எண்ணிக்கையில் மட்டும் குறிக்கப்பட்டனர்.

பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கை இந்த வேற்றுமையை ஒப்புக்கொண்டது. முதல் உலகப் போரில் இறந்தவர்களில் குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை, பெயரால் நினைவுகூரப்படவில்லை அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது கூறியது. இவர்களில் பெரும்பாலோர் ஆப்பிரிக்காவையும் மத்தியக் கிழக்கையும் சேர்ந்தவர்கள்.

எழுதிய பதிவு அழிந்துபோவதும் உண்டு. 1940இல் லண்டன் மீது நடந்த குண்டுவீச்சில் முதல் உலகப் போர் வீரர்களின் பதிவுகளில் பெரும்பகுதி எரிந்தது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1973 ஜூலை 12 அன்று ஏற்பட்ட தீயில் 1.6 கோடி முதல் 1.8 கோடி வரையிலான வீரர்களின் கோப்புகள் அழிந்தன. அதன்பின் சம்பளப் பட்டியல், மருத்துவமனைக் குறிப்பு, படைப்பிரிவின் அன்றாட அறிக்கை, வீரரிடம் உள்ள விடுவிப்புச் சான்று ஆகியவற்றைக் கொண்டு பதிவுகளை மீண்டும் உருவாக்கினர். ஒரு சான்று போனால் வேறு சான்றுகளால் உண்மையை நிலைநாட்டலாம் என்பது இதனால் விளங்கும்.

இன்றைய இந்திய முறை

இன்று இந்தியத் தரைப்படையில் வீரரின் வாழ்வில் நேரும் ஒவ்வொன்றும் 'பார்ட் டூ ஆர்டர்' எனப்படும் ஆணையாக அவரது பிரிவால் வெளியிடப்படுகிறது. திருமணம், குழந்தை பிறப்பு, பயிற்சி வகுப்பு, தொழில்தேர்வு, தண்டனை, பதக்கம் எல்லாம் இதில் அடங்கும். அந்த ஆணை ஆவண அலுவலகத்துக்குச் சென்று வீரரின் பணித்தாளில் ஏறுகிறது. வீரர்கள் இதை 'ரெக்கார்டு ஆபீஸ்' என்பர். மெட்ராஸ் ரெஜிமென்டுக்கு நீலகிரி மாவட்டம் வெலிங்டனிலும், மெட்ராஸ் சாப்பர்ஸ் எனப்படும் பொறியாளர் பிரிவுக்குப் பெங்களூருவிலும், சிக்னல் பிரிவுக்கு ஜபல்பூரிலும் இந்த அலுவலகங்கள் உள்ளன. ஓய்வுபெறும்போது வீரரின் கையில் 'டிஸ்சார்ஜ் புக்' தரப்படுகிறது.

பதக்கம் என்பது மார்பில் அணியும் அணிகலன் மட்டும் அல்ல. 1971 போரில் கிழக்கு முனையில் பணியாற்றியவருக்குப் பூர்வி ஸ்டார், மேற்கு முனையில் பணியாற்றியவருக்குப் பஸ்சிமி ஸ்டார் வழங்கப்பட்டன. ஆகவே பதிவில் உள்ள பதக்கத்தின் பெயரே அவர் எங்கே இருந்தார் என்பதற்குச் சான்று. பயிற்சியும் அப்படித்தான். வீரரின் தொழில்பிரிவு ஓய்வூதிய விகிதத்தைப் பாதிக்கிறது. பத்தாம் வகுப்புத் தேறி 15 ஆண்டுகள் பணியாற்றியவர், பட்டப்படிப்பு கேட்கும் மத்திய அரசின் 'சி' பிரிவுப் பணிகளில் முன்னாள் படைவீரருக்கான இடங்களுக்குத் தகுதியுடையவராகக் கருதப்படுகிறார். கல்விச் சான்றோ பணிக்காலமோ பதிவில் தவறாக இருந்தால் இந்த வாய்ப்பு கைநழுவும்.

பிழைகள் எப்படி வருகின்றன

தமிழ்ப் பெயர்களே பல பிழைகளுக்குக் காரணம். நம் வழக்கத்தில் தந்தை பெயரின் முதலெழுத்துதான் தலைப்பெழுத்து; குடும்பப்பெயர் இல்லை. படையிலோ அதை விரித்து எழுதும்போது தந்தை பெயர் வீரரின் பெயராக மாறிவிடுவதுண்டு. ஒரே பெயர் டிஸ்சார்ஜ் புக்கில் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், வங்கிப் புத்தகத்தில் மூன்றாம் விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கும். மனைவியின் பெயரில் இந்த வேறுபாடு இருந்தால், வீரர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியம் தடைப்படும். அப்போது விளக்கம் சொல்ல அவர் இருக்கமாட்டார்.

ஊர்ப்பெயரிலும் சிக்கல் உண்டு. பழைய பதிவுகளில் கடலூர், சிதம்பரம், விழுப்புரம், கள்ளக்குறிச்சி எல்லாம் தென்னார்க்காடு மாவட்டம் என்றே இருக்கும். 1993இல் அம்மாவட்டம் இரண்டாகப் பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி பிரிந்தது. ஒரு பிரிவிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றலாகும் வேளையில் பயிற்சி முடித்தவர்களுக்கு எந்தப் பிரிவு ஆணை வெளியிடுவது என்ற குழப்பத்தில் பதிவு விடுபடுவதும் உண்டு.

திருத்தும் வழி

முதலில் டிஸ்சார்ஜ் புக்கை வரி வரியாகப் படித்து, விடுபட்டது எது, தவறானது எது என்று தனித்தனியே குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து ஒவ்வொன்றுக்கும் சான்று தேட வேண்டும். பயிற்சி என்றால் பயிற்சி நிலையத்தின் சான்றிதழ் அல்லது ஆணையின் எண்ணும் நாளும். வீரப்பதக்கம் என்றால் அது வெளியான அரசிதழ். பெயர் என்றால் பள்ளிச் சான்று முதலியன. பணிக்காலத்தில் எழுதப்பட்ட தாளுக்கே மதிப்பு அதிகம்.

சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பகுதியினர் உட்பட இம்மாவட்டத்தவர் அனைவரும் கடலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தின் வழியாக உரிய ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் படை எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை முதல் வரியிலேயே இருக்க வேண்டும். மூல ஆவணத்தை அனுப்பாமல் சான்றொப்பமிட்ட நகலை மட்டும் அனுப்புவது நல்லது. தம் பணித்தாளின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி கேட்டுப் பெறலாம். ஓய்வூதியத்தைப் பாதிக்கும் திருத்தம் என்றால், ஆவண அலுவலகத்தின் பரிந்துரைப்படி பிரயாக்ராஜில் உள்ள படைத்துறை ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் திருத்திய கொடுப்பாணையை வெளியிடும்.

காலத்தையும் கருத வேண்டும். ஓய்வூதியம் பெறாதவர்களின் ஆவணங்கள் 25 ஆண்டுகளும், ஓய்வூதியர்களின் ஆவணங்கள் 50 ஆண்டுகளும் வைக்கப்பட்டுப் பின் அழிக்கப்படுவது விதி. அதன்பின் வீட்டுப் பெட்டியில் உள்ள தாளே மிச்சமாகும் சான்று.

தீர்ப்புகள் சொல்வது

அலுவலகம் மறுத்தால் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தை அணுகலாம். 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இத்தீர்ப்பாயத்துக்குச் சென்னையில் அமர்வு உள்ளது. இறுதி ஆணை கிடைத்த ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதம் பொறுக்கப்படலாம்.

2010 மே மாதம் இத்தீர்ப்பாயத்தின் தில்லி அமர்வு, கார்கில் போரில் பட்டாலிக் பகுதியில் பணியாற்றிய பிரிகேடியர் தேவிந்தர் சிங்கின் வழக்கில், அவருக்கு எதிரான மதிப்பீட்டை நீக்கவும் போர் வரலாற்று ஆவணத்தைத் திருத்தவும் ஆணையிட்டது. தர்சேம் சிங் வழக்கில் (2008) உச்ச நீதிமன்றம், மாதந்தோறும் தொடரும் ஓய்வூதிய இழப்பில் காலதாமதம் உரிமையை அழிக்காது என்றது. ஆனால் நிலுவையை மனுவுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும் வரையறுத்தது. தரம்வீர் சிங் வழக்கில் (2013), சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், பின்னர் வந்த நோய் பணியால் வந்தது என்றே கொள்ள வேண்டும் என்று கூறியது. எழுதப்படாத இடம் எப்போதும் வீரருக்கு எதிராகவே படிக்கப்பட்ட நிலைமாறி, அவருக்குச் சாதகமாகப் படிக்கப்பட்ட தீர்ப்பு இது.

கடலூருக்கு வராத ஒருவரை வரவில்லை என்று ஒரு பதிவேட்டால் உறுதியாகச் சொல்ல முடிந்தது. அங்கே நின்று மடிந்த சிப்பாய்கள் பலரை இருந்தார்கள் என்று பெயர் சொல்ல இன்று யாராலும் முடியவில்லை. ஆகவே மாணவர்கள் தம் வீட்டிலோ தெருவிலோ முன்னாள் படைவீரர் இருந்தால், அவர் இருக்கும்போதே டிஸ்சார்ஜ் புக்கை அவருடன் உட்கார்ந்து ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்லது. விடுபட்ட வரியை நிரப்பச் சொல்லக்கூடிய முதல் சாட்சி அவரே.