வாக்கியமும் திருக்கணிதமும்: சோதிட நம்பிக்கை குறித்து ஒரு வரலாற்று நோக்கு

சோதிடம் எவர்க்கும் தீங்கு செய்யாத பொழுதுபோக்கு என்பாரும் உளர்; அறிவியல் மனப்பான்மையைக் குலைப்பது என்பாரும் உளர். இரு சாராரும் பெரும்பாலும் சோதிடர் கூறும் பலன்களை வைத்தே வாதிடுகின்றனர். அப்பலன்களுக்கு அடிப்படையான பஞ்சாங்கத்தின் வரலாறு அவ்வாதங்களில் இடம்பெறுவது அரிது. இக்கட்டுரையில் நாம் அவ்வரலாற்றின் சில பகுதிகளை எடுத்துக்கொள்கிறோம்.

தமிழகத்தின் பழைய பஞ்சாங்கம் வாக்கிய முறையில் அமைந்தது. சந்திரனின் நிலையைக் கணிக்கும் எண்கள் 248 வாக்கியங்களாக எழுத்துகளில் மறைத்து வைக்கப்பட்டு, மனப்பாடமாகக் காக்கப்பட்டன. 1768ஆம் ஆண்டு புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு வானியலார் லெ ஜாந்தீ, தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிப்பைக் கற்றார். 1765 ஆகஸ்டு 30 சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழ்முறையில் 41 வினாடி குறைந்தது; அன்று ஐரோப்பாவில் மதிக்கப்பட்ட மேயரின் அட்டவணையில் 68 வினாடி மிகுந்தது. நம்மவர் பெருமையோடு எடுத்துக்காட்டும் செய்தி இது. பெருமைக்கு உரியதும் கூட.

ஆயின் இதன் மறுபக்கமும் உண்டு. 1825இல் வெளிவந்த 'காலசங்கலித'த்தில் ஜான் வாரன், புதுச்சேரியில் சோழிகளைத் தரையில் பரப்பி அவ்வாண்டுக் கிரகணத்தைக் கணித்த பஞ்சாங்கக்காரர் ஒருவரைப் பதிவுசெய்துள்ளார். அவர்தம் கணிப்பில் தொடக்கம் 4 நிமிடமும், நடு 23 நிமிடமும், முடிவு 52 நிமிடமும் பிழைபட்டன. அவர் நினைவாற்றலை வியந்த வாரன், கோட்பாடு எதையும் அவர் அறிந்திலர் என்றும் குறித்தார். விதி கைக்கு வந்திருந்தது. விதியின் காரணம் கைவிட்டுப் போயிருந்தது.

இக்குறையைக் களைய முற்பட்டவர் சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய சிந்தாமணி இரகுநாதாச்சாரி. 1867இல் மாறொளி விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த அவர், வானில் கண்டதோடு ஒத்துப்போகும் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். வாக்கியத்தைக் கைவிட மரபாளர் பலர் இசையவில்லை. அன்றுமுதல் இரண்டும் அருகருகே வழங்கி வருகின்றன.

இவ்விரண்டின் வேறுபாடு சிறிதன்று. சனி மகரத்திலிருந்து கும்பத்திற்குப் பெயர்ந்த நாள் திருக்கணிதப்படி 2023 சனவரி 17. வாக்கியத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றிலோ அப்பெயர்ச்சி 2023 டிசம்பர் 20 அன்று கொண்டாடப்பட்டது. இடைப்பட்ட பதினொரு மாதமும், தனுசு ராசிக்காரர் ஒரு பஞ்சாங்கப்படி ஏழரைச் சனியிலிருந்து விடுபட்டவர். மற்றொன்றின்படி அதில் உழன்றவர். பெயர்ச்சியின் பலன் வாழ்வில் உண்மையாகவே தென்படுமாயின், ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக அருகருகே வழங்கும் இவ்விரு பஞ்சாங்கங்களுள் எது சரி என்பதைப் பட்டறிவே காட்டிக் கொடுத்திருக்க வேண்டும். அவ்வாறு நிகழவில்லை. கிரகணத்தில் பிழை நேர்ந்தால் தெருவில் நிற்பவரும் காண்பர். பலனில் பிழை நேர்ந்தால் எவர்க்கும் தெரிவதில்லை. 2008இல் ஜயந்த் நாரளீகர் குழுவினர் மகாராட்டிரத்தில் நடத்திய சோதனையும் இதையே காட்டிற்று. அறிவிற் சிறந்த மாணவர் சாதகம் எது, அறிவு வளர்ச்சி குன்றியோர் சாதகம் எது என்று பிரித்துணர 27 சோதிடர் முயன்றனர். அவர்களின் சராசரி வெற்றி 46 விழுக்காடு. நாணயத்தைச் சுண்டினாலும் 50 கிடைக்கும்.

வார இதழின் ராசிபலனைப் படித்துச் சிரிப்பதில் கேடில்லை என்பதே நம் கருத்தும். கேடு, சரிபார்க்க வேண்டியதில்லை என்னும் பழக்கத்தில் இருக்கிறது. செவ்வாய் தோடம் என்ற ஒரு சொல்லால் திருமணம் தள்ளிப்போகும் பெண், அச்சொல்லை எந்த வானத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பாள்?

நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. சூரிய உதயம் முதல் மறைவு வரையுள்ள பொழுதை எட்டாகப் பகுத்துப் பெறுவது இராகு காலம். உதயம் காலை ஆறு மணி எனக் கொண்டால், திங்கட்கிழமை அது 7.30 முதல் 9 வரை. கோலாலம்பூரில் கதிரவன் பெரும்பாலும் ஏழு மணிக்குப் பின்னரே எழுகிறான். 1982 சனவரி முதல் நாள் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரைமணி முன்னோக்கி நகர்த்தவும் பட்டது. எனினும் நம் இல்லங்கள் பலவற்றில் திங்களன்று 7.30 மணிக்கே நற்செயல்கள் நிறுத்தப்படுகின்றன. மரபின் கணக்குப்படியே அது இராகு காலமன்று. உண்மையான இராகு காலம் தொடங்கும் எட்டே முக்கால் மணியளவில் நாம் கவலையின்றி அலுவலகத்தில் கையொப்பமிட்டுக்கொண்டிருக்கிறோம்.